பச்ச ஒடம்புக்காரிக்குப் புத்தி சொன்னவர்கள்

பிள்ளை பெற்று வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள். கோட்டுச்சேரிமேட்டில் எங்கள் வீட்டுத் திண்ணையில் கால்நீட்டி உட்கார்ந்துகொண்டு எங்க ஆயா சொன்னது: "பச்சத் தண்ணி தொடாத. பால்சுறா வாங்கியாந்து புட்டு வச்சித் தாரன். பூண்ட சுட்டுத் தின்னு. புள்ளைக்கு வசம்ப ஒரசி நாக்குல ஒரு இழுப்பு இழுத்துவுடு." பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்த நர்ஸம்மா சொன்னது: "ஆறு மாசம் தாய்ப்பாலத் தவிர ஒரு சொட்டுத் தண்ணிகூட குடுக்காத. வசம்பு கிசம்புன்னு எதையாவது தடவிட்டு எங்கிட்ட ஓடி வராத." பக்கத்து வீட்டு அத்தை சொன்னது: "புள்ள பால் பத்தாமத்தான் கத்துது. டப்பா பால் ஒண்ணு வாங்கிடேன்." பழைய வேட்டித் துணியைத் தூர நின்று நீட்டிய மேலத்தெரு அம்மா சொன்னது: "புள்ளய சுத்தமா வச்சிக்கடி. ஒங்க சனங்களுக்கு அதுமட்டும் வரவே வராது."

ஒரே பகலில் நாலு புத்தி. ஒன்று சொன்னதை இன்னொன்று வெட்டியது. நாலில் எதையும் நான் கேட்கவில்லை. ஆனால் நாலு பேரில் ஒருத்தர்கூட, "நீ எப்பத் திரும்ப வேலைக்குப் போவணும்? அதுவரைக்கும் ஒலை எரிய என்ன இருக்கு?" என்று கேட்கவில்லை. இந்தக் கேள்வி ஏன் வரவில்லை என்பதைத் தேடிப் போனதில் கிடைத்ததுதான் இந்தக் கட்டுரை. புத்தி சொல்வதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றில் சாதி இருக்கிறது, கூலி இருக்கிறது, அதிகாரம் இருக்கிறது.

1

முதலில் தீட்டிலிருந்து தொடங்குவோம். பிள்ளை பிறப்பு இந்தச் சமூகத்தில் தீட்டு. கொடி அறுப்பது, நஞ்சை எடுத்துப் புதைப்பது, ரத்தத் துணி அலசுவது எல்லாம் 'இழிந்த' வேலை. அதனால் வடநாட்டில் அந்த வேலை பெரும்பாலும் தீண்டப்படாத சாதிப் பெண்கள் தலையில் விழுந்தது. தமிழ் நாட்டுப்புறத்தில் நாவிதர் வீட்டுப் பெண்கள் மருத்துவச்சிகளாக இருந்தார்கள். சேரிக்குச் சேரிக்காரியே மருத்துவச்சி. ஊரே பிறந்து விழுந்தது இந்தப் பெண்களின் கையில். ஆனால் பிள்ளையை ஏந்திய கைக்குத் தண்ணீர்ச் சொம்பைத் தொட உரிமை கிடையாது.

வெள்ளைக்கார சீமாட்டிகள் இந்தப் பெண்களைக் கண்டுபிடித்தார்கள். 1885இல் டஃபரின் சீமாட்டியின் பெயரால் பெண் மருத்துவ நிதி. 1903இல் கர்சன் சீமாட்டி தொடங்கிய விக்டோரியா நினைவு நிதி, நாட்டு மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி கொடுப்பதற்காகவே. 1924இல் ரீடிங் சீமாட்டியின் ஆதரவில் 'தேசியக் குழந்தை வாரம்'. சென்னை மாகாணத்தில் 1926இல் செவிலியர், மருத்துவச்சிகள் சட்டம் வந்தது. 1927இல் அமெரிக்கக்காரி காதரின் மேயோ எழுதிய புத்தகம் அழுக்குப் பிடித்த கீழ்சாதி மருத்துவச்சியை உலகத்துக்கே படம் போட்டுக் காட்டியது.

இதில் வந்த நல்லதை நாம் மறுக்கத் தேவையில்லை. கொதிக்கவைத்த கத்தி, கழுவிய கை, சுத்தமான நூல் ஆகியவை ஆயிரக்கணக்கான தாய்களையும் பிள்ளைகளையும் காப்பாற்றின. சீம்பாலைப் பீய்ச்சிக் கீழே ஊற்றாதே என்று நர்ஸம்மா சொல்வது சரிதான். கொடியில் சாம்பல் வைக்காதே என்பதும் சரிதான். நம்முடைய கேள்வி வேறு. அழுக்கு வேலையை ஒருத்தி தலையில் கட்டிவிட்டு, அவளுக்குக் குளத்தையும் கிணற்றையும் மறுத்துவிட்டு, பிறகு அவளைப் பார்த்து 'அழுக்கு' என்றது யார்? மேயோவுக்கு மறுப்பு எழுதிய நம் தேசியவாதிகளில் எத்தனை பேர் அந்த மருத்துவச்சிக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார்கள்? மேலத்தெரு அம்மா என்னிடம் சொன்ன 'சுத்தம்' என்கிற சொல்லுக்குப் பின்னால் இத்தனையும் நிற்கிறது.

நம்மிடம் வைத்தியமே இல்லை என்பதும் பொய். அயோத்திதாசப் பண்டிதரே சித்த வைத்தியர்தான். அவரை வைத்தியராக நினைவில் வைத்திருப்பவர்கள் குறைவு. வசம்புக்குப் 'பிள்ளை வளர்ப்பான்' என்று பெயர் வைத்த சமூகம் பிள்ளையைப் பற்றி யோசிக்காத சமூகமா?

2

எங்க ஆயா எங்கம்மாவைப் பெற்றது 1950களின் கடைசியில். அப்போதுதான் பிரெஞ்சுக் கொடி இறங்கியிருந்தது. 1739இலிருந்து பிரெஞ்சுக்காரன் கையில் இருந்த காரைக்கால், 1954 நவம்பர் 1இல் இந்திய நிர்வாகத்துக்கு வந்தது. சட்டப்படி இணைந்தது 1962 ஆகஸ்ட் 16இல். கொடி மாறியது. வரப்பு மாறவில்லை.

ஆயாவிடம் நான் பலநாள் கேட்டு எழுதி வைத்ததை அப்படியே தருகிறேன்:

"ஒங்கம்மா பொறந்து பதினோராம் நாளு நடவுக்கு எறங்கிட்டன். வாய்க்கா ஓரம் பூவரச மரத்துல தூளி. வெயிலு ஏறுனா புள்ள கத்தும். இங்க எனக்கு மாரு கட்டிக்கும். ரவிக்க ஏது அப்ப? முந்தானையெல்லாம் நனஞ்சு ஒழுவும். மெரய முடிக்காம கரையேறக் கூடாதும்பான் காரியக்காரன். நோவு தாங்காம குனிஞ்ச வாக்குலயே பீச்சி வுட்டுருவன். பாதிப் பாலு சேத்துக்குத்தான் போச்சு."

"புள்ள என்ன பண்ணும்?"

"கள்ளுல துணிய நனச்சு வாயில வச்சிட்டுத்தான் எறங்குவன். தூங்கிரும்."

"தப்புன்னு தெரியாதா ஆயா?"

"தெரியாம என்னடி? அத விட்டா வேற என்ன வழி, நீயே சொல்லு."

என்னால் சொல்ல முடியவில்லை.

இதே கதை பம்பாயிலும் நடந்திருக்கிறது. 1920களில் அங்கே ஆலைப் பெண்களைப் பற்றி விசாரித்த அரசாங்கப் பெண் மருத்துவர் ஒருவர், பெரும்பாலான கைக்குழந்தைகளுக்கு அபின் கொடுக்கப்படுவதைப் பதிவு செய்தார். அம்மா ஆலைக்குப் போய்த் திரும்பும்வரை பிள்ளை தூங்கவேண்டும். அதற்குச் சின்ன உருண்டை. அன்றைய சீர்திருத்தக்காரர்கள் அதை 'அறியாமை' என்றார்கள். அபின் கொடுக்காதே என்று புத்தி சொன்னார்கள். அபின் இல்லாமல் வேலைக்குப் போவது எப்படி என்று சொல்லவில்லை.

அந்தக் கேள்வியைச் சரியான இடத்தில் வைத்தவர்களில் ஒருவர் பாபாசாகேப் அம்பேத்கர். 1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் பேறுகால உதவி மசோதா வந்தபோது அதை ஆதரித்துப் பேசினார். பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலன், ஆகவே செலவில் பெரும்பங்கை அரசு ஏற்கவேண்டும், அவள் உழைப்பால் லாபம் பெறும் முதலாளியும் பொறுப்பிலிருந்து தப்பக் கூடாது என்பது அவர் வாதம். 1929இல் பம்பாயில் சட்டம் ஆனது. சென்னை மாகாணத்தில் 1934ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. 1942 முதல் 1946 வரை வைசிராய் குழுவில் தொழிலாளர் துறை அவர் கையில் இருந்தபோது, சுரங்கப் பெண்களின் பேறுகாலச் சட்டத்துக்கும் திருத்தங்கள் கொண்டுவந்தார். தாய்க்குப் புத்தி சொல்வதை விட்டுவிட்டுத் தாய்க்குக் கூலியும் ஓய்வும் கொடு என்று பேசிய குரல் அது. அரசியல் சட்டம் எழுதியவர் என்று மட்டும் அவரைச் சொல்கிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

ஆனால் இந்தச் சட்டங்கள் எல்லாம் ஆலை வாசலிலும் சுரங்க வாசலிலும் நின்றுவிட்டன. வயலுக்கு வரவில்லை. 1961இல் இந்தியா முழுமைக்கும் வந்த பேறுகாலச் சட்டம்கூட ஆலை, சுரங்கம், தோட்டம் என்றுதான் பேசியது. எங்க ஆயா இறங்கிய சேறு எந்தச் சட்டத்திலும் இல்லை.

3

டெல்டாவில் வயலுக்கு நியாயம் வந்தது செங்கொடி வழியாக. 1943 முதல் பி. சீனிவாசராவும் தோழர்களும் தஞ்சைப் பண்ணையாட்களைத் திரட்டினார்கள். 1944 மன்னார்குடி ஒப்பந்தம் சவுக்கடிக்கும் சாணிப்பாலுக்கும் முடிவு கட்டியது. 1952இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதுவும் பிரிட்டிஷ்காரன் விட்டுப்போன சென்னை மாகாணத்துச் சட்டம். அந்த ஆண்டு காரைக்கால் இன்னும் பிரெஞ்சு மண். புதுச்சேரியில் 1936 ஜூலை 30 அன்று ஆலைத் தொழிலாளிகள் 12 பேர் சுட்டுக்கொல்லப்பட்ட பிறகு, பிரெஞ்சிந்தியாவில் எட்டு மணி நேர வேலை வந்தது. அதுவும் ஆலைச் சங்குக்குத்தான். நடவாளுக்கு ஏது சங்கு?

1968 டிசம்பர் 25. கீழ்வெண்மணி. கூலி நெல் கூடுதலாகக் கேட்டதற்கும் கொடியை இறக்க மறுத்ததற்கும் ஒரு குடிசைக்குள் 44 பேரை வைத்துக் கொளுத்தினார்கள். பெரும்பாலோர் பெண்கள், குழந்தைகள். அந்த நெல்லை வெறும் கூலிக் கணக்காக மட்டும் நாம் படித்துவிட்டோம் என்று இப்போது தோன்றுகிறது. பிள்ளைக்காரி வயிற்றில் விழும் சோறுதான் மாரில் பாலாகிறது. வெண்மணிப் பெண்கள் கேட்டது தங்கள் பிள்ளைகளின் பாலையும் சேர்த்துத்தான்.

எங்கள் காரைக்காலில் ஆனி மாதம் மாங்கனித் திருவிழா. ஊரே திரளும். இறைவனே 'அம்மையே' என்று அழைத்தவள் என்று புனிதவதியைக் கொண்டாடுகிறோம். சதையை உதறிப் பேயுருக் கொண்டவள் அவள் என்கிறது பெரியபுராணம். உடம்பை உதறியவள் 'அம்மை' ஆனாள். உடம்போடு, ரத்தத்தோடு, ஒழுகும் பாலோடு நிற்கிற பச்ச ஒடம்புக்காரி தீட்டானாள். எந்தத் தாயைக் கும்பிடலாம், எந்தத் தாயைத் தள்ளி வைக்கலாம் என்பதை முடிவு செய்தது யார்?

4

புத்தி சொல்வது பிறகு வியாபாரம் ஆயிற்று. 1851இல் இங்கிலாந்தில் உட்வர்டு என்பவர் உண்டாக்கிய கிரைப் வாட்டர் இங்கே வீட்டுக்கு வீடு வந்தது. தொலைக்காட்சி விளம்பரத்தில் மகளுக்கு அம்மா சொல்வாள், அம்மாவுக்குப் பாட்டி சொல்வாள், பாட்டிக்கு அவள் அம்மா. தலைமுறைத் தலைமுறையாய் வரும் புத்தியையே விற்பனைச் சரக்கு ஆக்கிய விளம்பரம் அது. அந்தத் தண்ணீரின் பழைய கலவையில் ஆல்கஹால் இருந்தது. சேரிக்காரி கள்ளுத் துணி வைத்தால் அறியாமை. சீமைக் குப்பியில் சாராயம் வந்தால் வைத்தியம்!

டப்பா பால் கதை இன்னும் பெரிது. ஏழை நாடுகளில் தாய்மார்களிடம் பால்மாவைத் தள்ளியதை எதிர்த்து 1977இல் அமெரிக்காவில் நெஸ்லே புறக்கணிப்பு தொடங்கியது. 1981இல் உலக சுகாதார சபை விற்பனை நெறிமுறை வகுத்தது. 1992இல் இந்தியா சட்டம் போட்டது. தாய்ப்பாலுக்கு மாற்றான உணவுக்கு விளம்பரம் கூடாது, 2003 திருத்தத்துக்குப் பிறகு இன்னும் கடுமை. 2001 முதல் முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. எல்லாம் சரியான பேச்சு. ஆனால் பதினோராம் நாள் நடவுக்கு இறங்குகிறவளிடம் ஆறு மாதம் பாலூட்டு என்று சுவரொட்டி ஒட்டினால், அது அவளைக் குற்றவாளி ஆக்குவதில் போய் முடியும்.

எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில், முத்துலட்சுமி ரெட்டி பெயரில் மகப்பேறு உதவி 1987இல் தொடங்கியது. 2006இல் 6,000 ரூபாய், 2011இல் 12,000, 2018இல் 18,000. இரண்டு பிரசவத்துக்கு மட்டும். 2013இன் உணவுப் பாதுகாப்புச் சட்டம் வேறு சம்பளத்தோடு விடுப்பு கிடைக்காத கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்கள் எல்லோருக்கும் 6,000 ரூபாய்க்குக் குறையாமல் உதவி என்று எழுதியது. 2017இல் மத்திய அரசு திட்டம் போட்டபோது அது 5,000 ஆனது, முதல் பிள்ளைக்கு மட்டும் ஆனது. 2022 முதல் இரண்டாவது, அதுவும் பெண்ணாகப் பிறந்தால், 6,000. அதே 2017இல்தான் கம்பெனி வேலைப் பெண்களுக்குச் சம்பளத்தோடு விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்ந்தது. அதை நாம் வரவேற்கிறோம். ஆனால் ஒருத்திக்கு 26 வாரச் சம்பளம், இன்னொருத்திக்கு 5,000 ரூபாய், மூன்றாவது பிள்ளை பெற்றவளுக்கு ஒன்றுமில்லை என்றால், இதில் யார் எந்தத் தெருக்காரி என்று சொல்லவும் வேண்டுமா?

நூறு நாள் வேலைக்கான 2005ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு நல்ல வரி இருந்தது. வேலையிடத்தில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் ஐந்து பேரோ அதற்கு மேலோ வந்தால், அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை அமர்த்தி அவளுக்கும் கூலி தரவேண்டும் என்பது அது. ஆயாவிடம் இதை வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "பூவரச மரத்தடியில அப்படி ஒருத்திய ஒக்கார வச்சிருந்தா நான் ஏண்டி கள்ளத் தொடப்போறன்?" என்றாள்.

நூறு வருஷ மகளிர் மருத்துவ நிதிகளும் குழந்தை வாரங்களும் எழுதத் தவறிய வாக்கியம் இது.

தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஆயாக்களிடம், அம்மாக்களிடம் போய் உட்காருங்கள். பிள்ளை பெற்று எத்தனையாவது நாள் வேலைக்கு இறங்கினார்கள், பால் கட்டியபோது என்ன செய்தார்கள், பிள்ளையை யார் பார்த்துக்கொண்டார்கள் என்று கேட்டு எழுதுங்கள். நாளும் கூலியும் சேர்த்து எழுதுங்கள். நம் போராட்ட வரலாற்றில் சவுக்கடி இருக்கிறது, சாணிப்பால் இருக்கிறது. சேற்றில் பீய்ச்சிய இந்தப் பாலும் அதில் ஏறவேண்டும். பிறகு அந்தத் தாள்களை எடுத்துக்கொண்டு, வயலில் உழைக்கும் பச்ச ஒடம்புக்காரிக்கும் அதே 26 வாரம் என்று கேட்கப் போவோம்.

ஆயாவின் பால்சுறாப் புட்டைத் தின்றேன். நர்ஸம்மா சொன்னபடி வசம்பை நிறுத்திவிட்டேன். ஆயா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். மறுநாள் அவளே பிள்ளையைத் தூக்கிக் காலில் போட்டுக் குளிப்பாட்டினாள். "ஒனக்கு நேரமிருக்கு, உக்காந்து பால் குடு" என்றாள். எனக்குக் கிடைத்த புத்திகளில் அவள் கொடுத்த நேரம்தான் பெரிது.