மொத்தப் பிடி விதி பிறந்த கதை

பிரிட்ஜ் ஆடுகிறவர்களுக்கு அன்றாடம் வரும் சங்கடம் இது. நாம் இரண்டு ஸ்பேட், அதாவது ஸ்பேட் துருப்பாக எட்டுப் பிடி, கேட்டிருக்கிறோம். எதிரணி விடாமல் மூன்று ஹார்ட் என்கிறது. சீட்டின் பலம் இரு பக்கமும் ஏறக்குறைய சமம். மூன்று ஸ்பேட் என்று ஏறலாமா, விட்டுவிடலாமா? ஏறினால் ஒரு பிடி குறைந்து தோற்கலாம். விட்டால் அவர்கள் ஜெயித்துவிடலாம். துணிச்சல்காரர் ஏறுவார், பயந்தவர் விடுவார் என்று மனப்போக்குக்கு விட்டிருந்த இந்த இடத்தில் எண்ணிப் பார்க்க ஒரு கணக்கு இருக்கிறது என்று கண்டுகொண்டவர் பிரான்சு நாட்டு ழான்-ரெனே வெர்ன்.

அவருக்கு முன்பும் கணக்குகள் இருந்தன. 1925இல் ஹெரால்ட் வான்டர்பில்ட் கான்ட்ராக்ட் பிரிட்ஜுக்குப் புள்ளி முறை வகுத்தார். ஏலத்தில் கேட்ட அளவுக்குத்தான் கேம் போனஸ் என்று அதில் ஆனதும், ஏலமே ஆட்டத்தின் உயிராகிவிட்டது. 1930களில் எலி கல்பர்ட்சன் பெரிய சீட்டுகளைப் பிடிகளாக மதிப்பிடச் சொல்லிக்கொடுத்தார். பிறகு சார்லஸ் கோரன், ஏஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்குக்கு 1 என்ற எளிய எண்ணிக்கையை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தார். கட்டு முழுவதற்கும் 40 புள்ளி. ஜோடிக்கு 26 இருந்தால் கேம் கேட்கலாம்.

இவை எல்லாம் கேட்டது ஒரே கேள்வி: நம்மால் எத்தனை பிடி எடுக்க முடியும்? பலம் நம் பக்கம் இருக்கும்போது அதற்குத் தெளிவான பதில் கிடைத்தது. 40 புள்ளி 20, 20 என்று பிரிந்து, இரு ஜோடியும் ஏலத்தில் மல்லுக்கு நிற்கும்போது புள்ளிக் கணக்கு கைவிட்டது.

வெர்ன் கேள்வியையே மாற்றினார். நமக்குப் பிடித்த இனம் துருப்பானால் நாம் எடுக்கும் பிடிகள், அவர்களுக்குப் பிடித்த இனம் துருப்பானால் அவர்கள் எடுக்கும் பிடிகள், இரண்டையும் கூட்டினால் என்ன வரும்? இதைச் சோதிக்க உலகப் போட்டிகளின் ஆட்டப் பதிவுகள் வசதியாக அமைந்தன. அணிப் போட்டியில் ஒரே சீட்டுகள் இரண்டு அறைகளில் ஆடப்படும். ஓர் அறையில் வடக்கு-தெற்கு ஸ்பேடில் ஆடியிருக்கும், மற்ற அறையில் கிழக்கு-மேற்கு ஹார்டில் ஆடியிருக்கும். இரண்டு எண்களும் ஒரே பதிவில் கிடைத்துவிடும்.

கூட்டிப் பார்த்தபோது ஓர் ஒழுங்கு தெரிந்தது. மொத்தப் பிடிகள் சராசரியாக மொத்தத் துருப்புகளை ஒட்டியே வந்தன. நம் ஜோடியிடம் 9 ஸ்பேட், அவர்களிடம் 8 ஹார்ட் என்றால் 17 துருப்பு. பிடிகளும் 17 அளவில்.

காரணத்தை ஒரே ஒரு சீட்டில் பார்த்துவிடலாம். தெற்கு ஆடுகிறார். வடக்கின் கையில் டைமண்ட் ஏஸும் ராணியும். டைமண்ட் ராஜா மேற்கில் இருந்தால், வடக்குக்கு முன்பே மேற்கு சீட்டுப் போட்டாக வேண்டும், ராஜா அகப்பட்டுக்கொள்ளும். நமக்கு 9 பிடி. அவர்கள் ஹார்டில் ஆடினாலும் அதே ராஜா பயன்படாமல் போகும், அவர்களுக்கு 8. இப்போது ராஜாவைக் கிழக்குக்கு மாற்றுங்கள். நம் ராணி விழும், நமக்கு 8. அவர்களுக்கோ ராஜா ஒரு பிடி கொடுக்கும், 9. சீட்டு இடம் மாறியது, கூட்டுத்தொகை 17ஆகவே நின்றது. அதிர்ஷ்டம் ஒரு பக்கம் கொடுப்பதை மறுபக்கம் எடுத்துக்கொள்கிறது.

இதை வைத்து முதல் கேள்விக்குத் திரும்பினால் விடை கிடைக்கிறது. இரு ஜோடியும் வல்னரபிள் (அபராதமும் போனஸும் கூடும் நிலை) இல்லை என்று வைத்துக்கொள்வோம். ராஜா மேற்கில் இருந்தால் மூன்று ஸ்பேட் 140 தரும், விட்டால் 50தான். கிழக்கில் இருந்தால் ஏறியவருக்கு 50 நஷ்டம், விட்டவருக்கு 140 நஷ்டம். இரண்டு வழியிலும் ஏறியவருக்கு 90 லாபம். எதிரணி டபுள் சொன்னாலும் நஷ்டம் 100ஐத் தாண்டாது. ராஜா எங்கே என்று தெரியாமலே சரியான முடிவை எடுத்துவிட முடிகிறது! மொத்தம் 16தான் என்றால் கதை வேறு. ஆளுக்கு 8 பிடி. ஏறினால் 50 போகும், விட்டால் 50 வரும்.

1966இல் வெர்ன் இதைத் தன் பிரெஞ்சு நூலில் எழுதினார். 1969 ஜூனில் 'தி பிரிட்ஜ் வேர்ல்ட்' இதழில் ஆங்கிலத்தில் கட்டுரை வந்தது. ஆனாலும் பெருவாரியான ஆட்டக்காரர்களிடம் அது சேர மேலும் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. அமெரிக்காவின் மார்ட்டி பெர்கனும் அவருடைய பார்ட்னர் லாரி கோஹனும் இந்த விதியை வைத்தே ஆடினார்கள். 1992இல் கோஹன் எழுதிய புத்தகம் அதை எல்லோருக்கும் ஒரே வரியாக்கிக் கொடுத்தது: ஜோடியிடம் எத்தனை துருப்போ அத்தனை பிடி வரை ஏறு. 8 என்றால் இரண்டாம் படி, 9 என்றால் மூன்றாம் படி, 10 என்றால் நான்காம் படி. பார்ட்னரின் இனத்தில் நாலு சீட்டு இருந்தால் கை பலவீனமாக இருந்தாலும் உடனே மூன்றுக்குத் தாவும் பழக்கம் பரவியதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

மறுப்பும் வந்தது. மைக் லாரன்ஸும் ஆண்டர்ஸ் விர்க்ரெனும் 2004இல் ஒரு புத்தகமே எழுதி, சீட்டே இல்லாத அல்லது மிகக் குறைந்த இனங்களும், உண்மையில் வேலை செய்யும் புள்ளிகளும்தான் பிடிகளைத் தீர்மானிக்கின்றன என்று வாதிட்டார்கள். கணினியில் ஆடிப் பார்த்தபோது, கூட்டுத்தொகை அச்சாகப் பொருந்துவது பாதிக்கும் குறைவான ஆட்டங்களில்தான் என்று தெரிந்தது. வெர்னும் இதை வெறும் சராசரி என்றே சொல்லி, ஜோடிக்கு இரண்டு இனங்கள் பொருந்தும்போது பிடிகள் கூடும் என்பது போன்ற திருத்தங்களையும் சேர்த்தே கொடுத்திருந்தார்.

என் மதிப்பில் அந்த மறுப்பால் வெர்னின் சாதனை குறையவில்லை. ஏலத்தில் நல்ல முடிவு எடுப்பவர் தன் கையை மட்டும் பார்ப்பதில்லை. எதிரணியின் கையில் என்ன விளையும் என்பதையும் அதே மூச்சில் எடைபோடுகிறார். அந்தப் பழக்கத்தைக் கொண்டுவந்தது இந்த விதிதான். அடுத்த முறை மூன்று ஹார்ட் என்று எதிரணி சொல்லும்போது, புள்ளியை மறுபடி எண்ணாதீர்கள். பார்ட்னரின் கேட்பிலிருந்து அவரிடம் எத்தனை ஸ்பேட் என்று ஊகித்து, உங்களுடையதோடு கூட்டுங்கள். ஒன்பது வந்தால் தயங்காமல் ஏறுங்கள்.