மண்ணும் விளைவும்



கொடிகாமச் சந்தைக்கு வந்து சேரும் பலாப்பழத்தையும் மாம்பழத்தையும் பார்த்தே, அவை விளைந்த நிலத்தின் இயல்பைக் கூறிவிடும் முதியோர் தென்மராட்சியில் உளர். மண்ணைத் தோண்டிப் பாராமல், விளைவைக் கொண்டு மண்ணை அறிவது அவர்தம் முறை. கணித உலகிலும் இத்தகைய முறையொன்று உண்டு. அதன் வரலாற்றிலே காஞ்சிபுரத்தில் பிறந்த தமிழர் ஒருவர் பெற்ற இடத்தைப் பற்றியே இன்று பேச விழைகின்றேன். யான் கலைத்துறையிற் பயின்றவன். ஆதலின் கணக்கின் நுட்பங்களை விடுத்து, அதன் கதையையே கூறுவேன்.

கூட்டல், கழித்தல், பெருக்கல் ஆகிய மூன்றும் தடையின்றி நிகழும் தொகுதியைக் கணிதர் வளையம் என்பர். நிறையெண்கள் ஒரு வளையம். மாறிகளைக் கொண்டு அமையும் பல்லுறுப்பிகள் மற்றொரு வளையம். ஒரு வளையத்தின் உறுப்புகளாற் பெருக்கத்தக்க பொருள்களின் தொகுதி, அவ்வளையத்தின் மேலமைந்த மொடியூல் எனப்படும். வளையம் நிலமெனின், மொடியூல் அதன் விளைவு. ஜெர்மானிய அறிஞர் டெடெக்கிண்டு 1871ஆம் ஆண்டிலேயே மொடியூல் என்னும் சொல்லை வழங்கினார். 1920களில் எம்மி நோய்தர் அம்மையார் வளையங்களையும் மொடியூல்களையும் ஒருங்குவைத்து ஆராயும் நெறியை வகுத்தார். ஒரு வளையத்தின் எல்லா மொடியூல்களும் அடிப்படை உறுப்புகளைக் கொண்டு அமைவனவாயின், அவ்வளையத்திற் பூச்சியம் ஒழிந்த எதனாலும் வகுக்கலாம் என்பது தேற்றம். விளைவு நிலத்தைக் காட்டிற்று அன்றோ?

1955ஆம் ஆண்டில் பிரெஞ்சுக் கணிதர் செர் ஒரு வினாவை எழுப்பினார். பல்லுறுப்பி வளையத்தின் மேல், அடிப்படை உறுப்புகள் உடைய மொடியூல் ஒன்றை நேராகக் கூறுபடுத்தினால், அக்கூறுகளும் அடிப்படை உறுப்புகள் உடையனவாகவே இருக்குமா? மாறி ஒன்றாயின் விடை 'ஆம்' என்பது முன்னரே அறியப்பட்டிருந்தது. மாறிகள் பலவாயின் விடை தெரியவில்லை என்பதை அப்பேரறிஞர் ஒளியாது எழுதினார்.

அவ்வினாவின் அடுத்த படியைத் தீர்த்தவர் சி. எஸ். சேஷாத்திரி. 1932இல் காஞ்சிபுரத்திற் பிறந்த அவர், சென்னை இலயோலாக் கல்லூரியிற் பயின்றார். பிரான்சிலிருந்து வந்த இயேசு சபைத் துறவியாகிய இராசீன் அடிகளார், புதிய கணிதத்தின்பால் மாணவரை ஆற்றுப்படுத்திய ஆசிரியராக அங்கு விளங்கினார். 1953இல் சேஷாத்திரி பம்பாயிலுள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்திற் சேர்ந்தார். மாறிகள் இரண்டாயினும் விடை 'ஆம்' என்பதை 1958இல் நிறுவியபோது அவருக்கு வயது 26.

மூன்று மாறிகளின் வழக்கில் மூர்த்தியும் டௌபரும் கண்ட முடிவு 1974இல் வெளிவந்தது. மாறிகள் எத்தனையாயினும் விடை 'ஆம்' என்பதை 1976இல் அமெரிக்காவில் குயிலனும் இரசியாவில் சுசுலினும் தனித்தனியே நிறுவினர். சேஷாத்திரி ஏறிய படிக்கும் முழு விடைக்கும் இடையே 18 ஆண்டுகள் கழிந்தன. ஒரு மொடியூலின் உட்பகுதிகள் அதன் நேர்க்கூறுகளாக விரிந்து நிற்குமா என்று கண்டு, அதனால் வளையங்களை வகைப்படுத்தும் ஆய்வும் பின்னாளில் வளர்ந்தது.

பரீட்சை மண்டபத்திலே, முழு விடை தெரியவில்லை என்பதற்காகத் தாளை வெறுமையாக விட்டுச் செல்லும் மாணவரை நான் பலகாற் கண்டிருக்கின்றேன். அறிந்த ஒரு படியையேனும் எழுதுமாறு கூறினால், அதனால் என்ன பயன் என்று வினவுவர். அவர்களுக்குச் சேஷாத்திரியின் வரலாறே விடையாகும். அவர் முழு வினாவையும் தீர்த்தாரல்லர். தம்மால் இயன்ற படியைக் குறைவறத் தீர்த்தார். அவ்வளவிலேயே உலகம் அவரை அறிந்துகொண்டது. பின்னர், சென்னைக் கணித நிறுவனமாக வளர்ந்த அமைப்பினை 1989இல் தோற்றுவித்து, இளையோர்க்கு வழிகாட்டிய அப்பெரியார் 2020இல் மறைந்தார்.

தெரியாததைத் தெரியாதென்று கூறிய செர், கற்பிக்க வந்த இராசீன் அடிகளார், ஒரு படியை ஏறிக் காட்டிய சேஷாத்திரி ஆகிய மூவரையும் நம் மாணவர் நினைவிற் கொள்வாராக. நிலத்தை விளைவு காட்டுவதுபோல, ஆசிரியரை மாணவர் காட்டுவர்.