முதுசொல்லுக்கு மூலநூல் உண்டா? சுன்னாகத்து நூல்கள் இரண்டை முன்வைத்து

பழைய நூலொன்றில் ஒரு பழமொழி காணப்பட்டால் அந்நூலே அதன் பிறப்பிடம் என்று முடிவுகட்டுவது ஆய்வாளரிடையேகூட வழக்கமாகிவிட்டது. ஆங்கிலப் பழமொழிகள் பலவற்றைச் செர்வாண்டிஸின் ‘டான் கிஹோத்தே’ (1605, 1615) ஈன்றதாகச் சொல்வதும் இவ்வகையே. காற்றாலையோடு போர்புரிதல் என்னும் தொடர் அக்கதையில் பிறந்ததுதான். ஆனால் புடிங்கின் தரம் உண்ணும்போதே தெரியும் என்னும் பழமொழியின் வரலாறு வேறு. மூலத்தில் கிஹோத்தேயின் பணியாளன் சாஞ்சோ பேசுவது முட்டை பொரிப்பதைப் பற்றி. 1700ஆம் ஆண்டளவில் அதனை ஆங்கிலமாக்கிய மொட்டோ, ஆங்கிலேயரிடம் முன்பே வழங்கிய பழமொழியொன்றை அவன் வாயில் வைத்துவிட்டார். சாஞ்சோவோ எழுத்தறியாத குடியானவன். அவன் அடுக்கும் பழமொழிகளிற் பெரும்பாலானவை ஊர்வாயிலிருந்து செர்வாண்டிஸ் எடுத்தவை.

இதே கேள்வியை நம் பழமொழி நானூற்றிடம் கேட்கலாம். “பாம்பின் கால் பாம்பறியும்”, “தவளை தன் வாயாற் கெடும்” என்று இன்றும் நாம் சொல்வனவற்றின் முன்வடிவங்கள் அதில் உள்ளன. மணலுள் மறைந்து கிடக்கும் தவளை, கத்தியதனால் இருப்பிடம் தெரிந்து அழிகிறது. அந்த வெண்பா காட்டும் காட்சி இவ்வளவே. இவற்றை நூலாசிரியர் முன்றுறையரையனார் படைத்தார் எனலாமா? கூடாது. தாம் பாடுபவை பண்டைப் பழமொழிகள் என்று பாயிரத்திலே அவரே சொல்லிவிடுகிறார். இதைவிடத் தெளிவான சான்று வேறென்ன வேண்டும்?

சுன்னாகம் அ. குமாரசுவாமிப் புலவர் (1854–1922) தமிழாக்கிய இதோபதேசம் இவ்விடத்தில் மிகவும் பயன்படுகிறது. இரண்டு அன்னங்கள் தூக்கிச் செல்லும் கோலைக் கவ்விப் பறந்த ஆமை, வாய் திறந்து பேசியதால் விழுந்து மடிந்த கதை வடமொழி இதோபதேசத்தில் உண்டு. நீதி தவளையினதே. பஞ்சதந்திரத்திலும் இடம்பெற்ற இக்கதை, பாரசீகம், அரபு வழியாக மேற்கே சென்று, 1251இல் ‘கலீலா எ திம்னா’ என ஸ்பானிய உரைநடையிலும் புகுந்தது. இத்தனை நாடு சுற்றிய ஆமை நம் பேச்சில் தவளையை அகற்றவில்லை என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. புகழ்பெற்ற கதை வேறு, வாயில் நிலைத்த பழமொழி வேறு. கதையின் பயணத்தை ஏடுகளைக்கொண்டு தொடரலாம். பழமொழிக்கு ஏடு காட்டுவது அது பதிவான காலத்தை மட்டுமே.

எனவே பழமொழித் தொகுப்புகளில் ‘மூலம்’ என்று எழுதும் இடத்தில் ‘முதற்பதிவு’ என்று எழுதுவதே முறை. தொல்காப்பியர் இதற்கு இடந்தருகிறார். செய்யுளியலில் யாப்பின் வகை ஏழனுள், பாட்டு, உரை, நூல் முதலியவற்றோடு முதுசொல் என்னும் பழமொழியையும் தனிவகையாக வைக்கிறார். அவ்வியலைப் பேராசிரியர் உரையோடும் சி. கணேசையரின் குறிப்புகளோடும் சுன்னாகத்துத் திருமகள் அழுத்தகம் 1943இல் அச்சிட்டது. நூலும் முதுசொல்லும் அங்கே ஒரே வரிசையில் நிற்கின்றன. ஒன்றிலிருந்து மற்றது பிறந்ததாக அச்சூத்திரம் கூறவில்லை.