அச்சுவிலகிய ஆடியும் உற்பத்தி ஆற்றலும்

அறிவியற் கருவிகளின் வரலாற்றைத் தனிமேதைகளின் வரலாறாக எழுதுதல் மரபாகிவிட்டது. அச்சுவிலகிய தெறிப்புத் தொலைகாட்டியின் வரலாறு இம்மரபை மீள்பரிசீலனை செய்ய நம்மைத் தூண்டுகின்றது.

வழமையான தெறிப்புத் தொலைகாட்டியில், முதன்மை ஆடிக்கு வரும் ஒளியின் ஒரு பகுதியைத் துணையாடி மறைக்கும். மூன்றாம் ஜோர்ஜ் மன்னரின் மானியத்தாலும் தொழிலாளர் பலரின் உழைப்பாலும் 1789இல் 48 அங்குல ஆடியுடைய தொலைகாட்டியை நிறைவுசெய்த வில்லியம் ஹேர்ஷல், ஆடியைச் சற்றே சாய்த்துத் துணையாடியைத் தவிர்த்தார். அக்கால உலோக ஆடிகள் ஒளியைப் பெரிதும் விழுங்கியமையே காரணம். ஆயின் சாய்வு விம்பத்தைத் திரித்தது. 1850களில் கண்ணாடியில் வெள்ளி பூசும் முறை தோன்றவே, சாய்க்கும் தேவையும் தளர்ந்தது.

பெரிய பரவளைவொன்றின் ஓரத்துண்டாக ஆடியை அமைப்பின் மறைப்புமில்லை, அத்திரிபுமில்லை. ஆனால் சமச்சீரற்ற அத்தகைய பரப்பைப் பேரளவில் துல்லியமாகத் தேய்த்தெடுக்கக் கணினிவழித் தொழினுட்பம் வளரவேண்டியிருந்தது. ஹவாயில் 2019இல் முதலொளி கண்ட 4 மீற்றர் சூரியத் தொலைகாட்டி அவ்வளர்ச்சியின் பேறாகும்.

இந்தியாவில் 2015இல், உதயப்பூரின் பதேசாகர் ஏரித்தீவில், 50 சதமமீற்றர் அச்சுவிலகிய சூரியத் தொலைகாட்டி இயங்கத் தொடங்கியது. வெயிலில் தரைமீது எழும் வளிக்கொந்தளிப்பு நீர்ப்பரப்பின்மீது குறைவு. கொழும்புத்துறைக் கடனீரேரிக் கரையில் வாழ்வோர்க்கு இது புதிதன்று. இடத்தேர்வு உள்நாட்டவரது, கருவியை ஆக்கியதோ பெல்ஜிய நிறுவனம்.

கருத்து முன்னரே தோன்றலாம். அதை நடைமுறையாக்குவது உற்பத்தி ஆற்றலே. கருவியாக்கத் திறனைப் பெறாத நாடுகளின் ஆய்வுச் சுதந்திரம் முழுமையுறாது என்பதை நாம் இங்கு வலியுறுத்த வேண்டும்.