மும்பையில் வீடு: டீன்ஏஜ் பிள்ளைகள் இருந்தால் எந்த ஏரியா?

வீடு தேடும்போது நாம முதலில் பார்ப்பது வாடகை. பிள்ளை பத்தாவதை நெருங்கினால் ரயில் பாதையையும் பார்க்கணும்.

ஏன்?
மகாராஷ்டிர மாநிலப் பாடத்திட்டத்தில் 11, 12 வகுப்புகள் 'ஜூனியர் காலேஜ்'. 10-ஆம் வகுப்பு மதிப்பெண்படி ஆன்லைனில் இடம் ஒதுக்குவாங்க. வீட்டுப் பக்கத்திலேயே கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

மாட்டுங்கா
ரூயா, போதார் கல்லூரிகள் நடக்கும் தூரம். சென்ட்ரலில் மாட்டுங்கா, வெஸ்டர்னில் மாட்டுங்கா ரோடு, ஹார்பரில் கிங்ஸ் சர்க்கிள் என மூன்று பாதையும் உண்டு. வாடகைதான் கையைக் கடிக்கும்.

செம்பூர்
தமிழ்க் குடும்பங்கள் அதிகம். லோக்கல் ரயிலுக்கு ஹார்பர் மட்டும்தான். சென்ட்ரலுக்கு குர்லாவில் மாறணும். பிள்ளைக்கு ஆஸ்துமா இருந்தால், சுத்திகரிப்பு ஆலைகள் உள்ள மாகுல் பக்கம் வேண்டாம்.

தாராவி
மூன்றில் வாடகை குறைவு. சயான், மாஹிம் ஸ்டேஷன்கள் பக்கம். மறுசீரமைப்புத் திட்டம் நடப்பதால், அந்தக் கட்டடத்தின் நிலையை விசாரிக்காமல் டெபாசிட் கொடுக்காதீங்க.

கடைசியாக ஒன்று
வாடகை ஒப்பந்தம் பெரும்பாலும் 11 மாதம். அது பொதுத்தேர்வு நடக்கும் பிப்ரவரி, மார்ச்சில் முடியாதபடி தேதி போடுங்க. தேர்வு நேரத்தில் பிள்ளை மூட்டை கட்ட வேண்டாமே!