ஜோராபாகான் பட்டியலில் விடுபட்ட பெயர்

1920 ஜூலை 28. கொல்கத்தாவில் கூச்பிகார் கோப்பை ஆட்டம். ஒரு பக்கம் மோகன் பகான், மறுபக்கம் ஜோராபாகான். ஜோராபாகானின் ஆட்டக்காரர் பட்டியலில் சைலேஷ் போஸின் பெயர் இல்லை. ஏன் இல்லை என்று கிளப்பின் துணைத் தலைவர் சுரேஷ் சந்திர சௌத்ரி கேட்டார். ஒழுங்கான பதில் வரவில்லை. போஸ் கிழக்கு வங்கத்துக்காரர் என்பதால்தான் ஒதுக்கிவிட்டார்கள் என்று சௌத்ரிக்குப் பட்டது. அவரும் அந்தப் பக்கத்துக்காரர்தான். வாதாடிப் பார்த்தார், பலிக்கவில்லை, கிளப்பை விட்டே வெளியேறினார். நான்காம் நாள், ஆகஸ்ட் 1 அன்று, புதிய கிளப் ஒன்று பிறந்தது. எந்த ஊர்க்காரர் என்று சொல்லி ஒதுக்கினார்களோ, அந்த ஊரையே பெயராகச் சூட்டிக்கொண்டது: ஈஸ்ட் பெங்கால்.

யாரை இறக்கினார்கள், யாரை உட்காரவைத்தார்கள் என்ற சண்டை கால்பந்து ஆடும் எல்லா ஊரிலும் உண்டு. அந்தச் சண்டையிலிருந்தே ஒரு கிளப் முளைத்து நூறாண்டு தாண்டியும் நிற்பது கொல்கத்தாவின் விசேஷம். அங்கே வாதம் என்பது ஆட்டம் முடிந்தபின் மிஞ்சும் பேச்சு அல்ல. ஆட்டத்தில் பாதியே அதுதான்.

அந்தப் பாதி நடக்கும் இடத்துக்கு ‘ரோக்’ என்று பெயர். வடகொல்கத்தாவின் பழைய வீடுகளில் வாசலை ஒட்டித் தெருவைப் பார்த்தபடி இருக்கும் மேடை. நம் ஊர்த் திண்ணைக்குப் பங்காளி என்று வைத்துக்கொள்ளலாம். மாலையில் நாலு பேர் உட்கார்ந்தால் அட்டா, அதாவது அரட்டை, தொடங்கிவிடும். குடித்து முடித்த மண் குவளைகள் நடுக்கள ஆட்டக்காரர்களாக வரிசையில் நிற்கும். வேர்க்கடலைத் தோலைக் கிள்ளிப் போட்டு ஆஃப்சைடு கோடு கிழிப்பார் ஒருவர். இன்னொருவர் அதை ஊதிக் கலைத்துவிட்டு, “கோடே தப்பு” என்பார்.

ஊரே இரண்டாகப் பிரிந்து நிற்பதால் நடுநிலை என்று ஒன்று கிடையாது. மேற்குப் பக்கத்துப் பூர்வீகக் குடும்பத்தார் ‘கோட்டி’கள், அவர்களுக்கு மோகன் பகான். கிழக்கிலிருந்து வந்தவர்கள் ‘பாங்கால்’கள், அவர்களுக்கு ஈஸ்ட் பெங்கால். 1947 பிரிவினைக்குப்பின் அகதிகளாக வந்து சேர்ந்த லட்சக்கணக்கானோருக்கு, விட்டுவந்த மண்ணின் பெயர் மிச்சமிருந்த ஒரே இடம் அந்த கிளப்தான் என்றால் மிகையில்லை. ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் வீட்டில் இலிஷ் மீன், மோகன் பகான் ஜெயித்தால் இறால். தோற்ற கட்சிக்காரர் அன்று மீன் சந்தைப் பக்கம் தலைகாட்டாமல் இருப்பது உத்தமம்.

இந்த வாக்குவாதங்களில் மூத்தது காலைப் பற்றியது. பூட்ஸா, வெறுங்காலா? 1911 ஜூலை 29 அன்று, ஐ.எஃப்.ஏ. என்ற கால்பந்துச் சங்கம் நடத்தும் ஷீல்டு போட்டியின் இறுதியாட்டத்தில் ஈஸ்ட் யார்க்‌ஷயர் படைப்பிரிவை மோகன் பகான் 2-1 என்று வீழ்த்தியபோது, பதினோரு பேரில் பத்துப் பேர் வெறுங்கால். பூட்ஸ் அணிந்தவர் பாதிரியார் சுதிர் சட்டர்ஜி ஒருவர்தான். தலைவர் ஷிப்தாஸ் பாதுரி ஒரு கோல், அபிலாஷ் கோஷ் ஒரு கோல். பின்னால் நின்று எதுவும் தெரியாமல் தவித்த கூட்டத்துக்குக் காற்றாடி பறக்கவிட்டுக் கோல் கணக்கைத் தெரிவித்தார்களாம். பூட்ஸ் போட்ட வெள்ளைக்காரச் சிப்பாயை வெறுங்காலன் ஜெயித்தான் என்ற பெருமை வங்காளிகளின் நெஞ்சில் ஆழமாகத் தங்கிவிட்டது. கால்பந்துக்கு அது நல்லது செய்ததா என்பது வேறு கேள்வி.

கொல்கத்தா லீக் மழைக்காலத்து ஆட்டம். சேற்றில் வெறுங்கால் வழுக்கும். 1930-களில் நகரத்தின் இன்னொரு கிளப்பான முகம்மதன் ஸ்போர்ட்டிங் இதைப் புரிந்துகொண்டு, ஈரத் தரையில் பூட்ஸோடு இறங்கியது. 1934 முதல் 1938 வரை தொடர்ந்து ஐந்து முறை லீக் பட்டம் அதற்கே. கண்முன்னே இப்படியொரு சான்று இருந்தும் வாதம் ஓயவில்லை. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யுகோஸ்லாவியாவிடம் இந்தியா 10-1 என்று உதை வாங்கிய பிறகுதான் பூட்ஸ் கட்டாயமாயிற்று.

மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் லீக்கில் முதன்முதலாக மோதியது 1925 மே 28 அன்று. நேபாள் சக்கரவர்த்தி அடித்த ஒரே கோலில் ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தது. அந்த ஆட்டத்துக்கு முன்பே ஒரு விதிச்சண்டை நடந்து முடிந்திருந்தது. முதல் டிவிஷனில் இந்திய கிளப்புகள் இரண்டுக்கு மேல் கூடாது என்று ஐ.எஃப்.ஏ. வைத்திருந்த கட்டுப்பாட்டை உடைத்துத்தான் ஈஸ்ட் பெங்கால் மேலே வந்தது. வெள்ளைக்கார கிளப்புகள்கூட ஒப்புக்கொண்டன, மோகன் பகான் ஒப்பவில்லை என்பது ஈஸ்ட் பெங்கால் வீடுகளில் பாட்டன் பேரனுக்குச் சொல்லிவரும் மனக்குறை.

அதே ஆண்டு ஜூனில் உலகம் முழுவதற்குமான ஆஃப்சைடு விதியும் மாறியது தற்செயல்தான். அதுவரை முன்களத்தில் நிற்பவனுக்கும் எல்லைக்கோட்டுக்கும் இடையே எதிரணியினர் மூன்று பேர் இருக்க வேண்டும். இனி இருவர் போதும் என்றார்கள். ஆக, கொல்கத்தாவின் பெரிய ஆட்டம் தவழத் தொடங்கிய ஒரே மாதத்தில், ரோக்கில் உட்கார்ந்தவர்கள் சண்டைபோடப் புதிய கோடு ஒன்றும் கிடைத்துவிட்டது.

கணக்குச் சண்டைகளில் முதலிடம் 1975 செப்டம்பர் 30-க்கு. ஷீல்டு இறுதியாட்டத்தில் ஈஸ்ட் பெங்கால் 5, மோகன் பகான் 0. பதிலடிக்கு 34 ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. 2009 அக்டோபரில் சிடி எடே தனியாளாக நான்கு கோல் அடிக்க, மோகன் பகான் 5-3 என்று வென்றது. ஐந்துக்கு ஐந்து சரியாகிவிட்டது என்கிறது ஒரு கட்சி. அந்த மூன்றை எங்கே மறைப்பாய் என்று கேட்கிறது மறு கட்சி.

வியூகத்தைப் பற்றிய சண்டைக்கு 1997-ஐத்தான் திறக்க வேண்டும். மோகன் பகானின் பயிற்சியாளர் அமல் தத்தா, இங்கிலாந்து போய்ப் பயிற்சிக் கலையைக் கற்றுவந்தவர், வெளிநாட்டு ஆட்டங்களின் படச்சுருள்களை ஊர் ஊராகப் போட்டுக் காட்டியவர். எதிர்முகாமில் பி.கே. பானர்ஜி, 1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்திய அணியின் தலைவர், 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் ஆடியவர். உடைமாற்றும் அறையில் பேசியே பையன்களைக் கொதிக்கவைப்பதால் அவர் பேச்சுக்கு ‘வோக்கல் டானிக்’ என்று பெயர். ஒருவர் கரும்பலகை, மற்றவர் தொண்டை.

அந்த ஆண்டு தத்தா ‘டைமண்ட்’ முறையைக் கொண்டுவந்தார். பின்னால் ஆட்களைக் குறைத்து, நடுக்களத்தில் வைரக்கல்லின் முனைகளைப்போல் ஆட்களை நிறுத்தி, அலையலையாக முன்னேறித் தாக்கும் ஆட்டம். ஃபெடரேஷன் கோப்பையின் காலிறுதியில் சர்ச்சில் பிரதர்ஸை ஆறு கோல் போட்டுச் சாய்த்ததும், பந்தை உதைத்தே அறியாதவர்கள்கூட டைமண்டைப் பற்றி விளக்கம் கொடுக்கத் தொடங்கினார்கள். அரையிறுதியில் எதிரணி ஈஸ்ட் பெங்கால். தத்தா வாயைக் கட்டவில்லை. பாய்ச்சுங் பூட்டியாவை ‘சுங்-சுங்’ என்றார், தடுப்பாட்டக்காரர் ஒமோலோவை ‘ஆம்லெட்’ என்றார், சோசோவை ‘ஷோஷா’, அதாவது வெள்ளரிக்காய் என்றார். பி.கே.க்கு அன்றைய டானிக்கைத் தயாரிக்கும் வேலையே மிச்சம். எதிராளியே ஊற்றிக்கொடுத்துவிட்டாரே!

ஜூலை 13, சால்ட் லேக் மைதானம். உள்ளே 1,31,000 பேருக்கும் மேல். இந்தியாவில் வேறெந்த விளையாட்டு ஆட்டத்துக்கும் அத்தனை கூட்டம் கூடியதில்லை என்பார்கள். டைமண்ட் முன்னேற முன்னேற, அதன் முதுகுப்புறம் காலியாகக் கிடந்தது. அந்த வெற்றிடத்தில் ஓடினார் பூட்டியா. மூன்று கோல். முடிவு 4-1.

தோற்றது வியூகமா, ஆடியவர்களா, பயிற்சியாளரின் வாயா? முதல் கட்சி, இந்தியக் கால்களுக்கு அந்த முறை ஒத்துவராது என்றது. இரண்டாம் கட்சி, யோசனை காலத்துக்கு முந்தியது என்றது. வாய்தான் காரணம் என்ற மூன்றாம் கட்சிக்கு ஆதரவு அதிகம், ஆனால் அதில் ரசிகனின் சோம்பலும் கொஞ்சம் இருக்கிறது. முதுகைக் காக்க ஆள் வைக்காமல் பூட்டியா போன்ற ஓட்டக்காரரை எதிர்கொண்டது கரும்பலகையிலேயே நேர்ந்த பிழை. இரு அணியும் மோதும் ஆட்டங்களில் பிற்பாடு தஞ்சாவூர்க்காரர் குலோத்துங்கன் ஈஸ்ட் பெங்காலின் நடுக்களத்தில் இறங்கிய காலத்திலும், டைமண்ட் என்ற சொல்லைக் கேட்டாலே மோகன் பகான்காரர்களுக்கு முகம் சுருங்கியது.

நடுவர்களைப் பற்றிய வழக்குகள் வேறு ரகம். 1977 செப்டம்பர் 24 அன்று ஈடன் கார்டன்ஸில் பெலேயின் நியூயார்க் காஸ்மாஸ் அணியோடு மோகன் பகான் 2-2 என்று முடித்தது. 2-1 என்று முன்னால் நின்றபோது காஸ்மாஸுக்கு ஒரு பெனால்டி கொடுக்கப்பட்டது. அது பெனால்டியே இல்லை என்பது மோகன் பகானின் பச்சை-மெரூன் வீடுகளில் இன்றும் தள்ளுபடியாகாத மேல்முறையீடு.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டு எழுதலாம். 1980 ஆகஸ்ட் 16-ஐ அப்படி எழுத முடியாது. அதே ஈடன் கார்டன்ஸ், லீக் ஆட்டம். இரு கட்சி ரசிகர்களும் கலந்து உட்கார்ந்திருந்தார்கள். களத்தில் ஈஸ்ட் பெங்காலின் திலீப் பாலித்துக்கும் மோகன் பகானின் பிதேஷ் போஸுக்கும் உரசல், பதிலடி, சிவப்பு அட்டை. கேலரியில் தொடங்கிய அடிதடி நெரிசலாக மாறியது. ஆட்டம் பார்க்கப் போன 16 பேர் வீடு திரும்பவில்லை. மன்னா தே அவர்களுக்காக ஒரு பாட்டுப் பாடினார். ஒவ்வோர் ஆண்டும் அந்தத் தேதியில் கொல்கத்தாவில் ரத்ததான முகாம் நடக்கிறது.

அதற்குப் பிறகும் கல் பறந்திருக்கிறது. 2012 டிசம்பர் 9 அன்று மோகன் பகானின் ஒடாஃபாவை நடுவர் வெளியேற்ற, கேலரியிலிருந்து வந்த கல் அவர்களுடைய சொந்த ஆட்டக்காரர் ரஹீம் நபியின் முகத்திலேயே பட்டது. இடைவேளைக்குப்பின் அணி களமிறங்க மறுத்தது. இரண்டு ஆண்டுத் தடை விதித்தார்கள், பிறகு அது 2 கோடி ரூபாய் அபராதமாகவும் புள்ளி இழப்பாகவும் சுருங்கியது.

2024 ஆகஸ்ட் 18 அன்று டூரண்ட் கோப்பையில் இரு அணிகளும் மோதவேண்டியிருந்தது. ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் இளம் பெண் மருத்துவர் கொலையுண்டதை எதிர்த்து நகரம் கொதித்துக்கொண்டிருந்த நேரம். பாதுகாப்பைக் காரணம் காட்டி ஆட்டத்தை ரத்துசெய்தார்கள். ஆனாலும் ரசிகர்கள் மைதானத்துக்கு வந்தார்கள். ஈஸ்ட் பெங்காலின் சிவப்பு-மஞ்சள் கொடியும் மோகன் பகானின் பச்சை-மெரூன் கொடியும் ஒரே கூட்டத்தில் நியாயம் கேட்டன, முகம்மதன் ஸ்போர்ட்டிங்காரர்களும் வந்து சேர்ந்தார்கள். மோகன் பகான் சட்டைக்காரர் ஒருவரின் தோளில் ஈஸ்ட் பெங்கால் சட்டைக்காரர் உட்கார்ந்திருந்தார். போலீஸ் தடியைச் சுழற்றியபோது எந்தச் சட்டை என்று பார்க்கவில்லை. அந்த ஆட்டத்துக்குக் கோல் கணக்கு கிடையாது. இரு அணிக்கும் தலா ஒரு புள்ளி கொடுத்தார்கள்.