மலையகத் தோட்டங்களிற் பெண்மகவின் பெயர்: ஒரு வரலாற்று நோக்கு

பெயரன், பெயர்த்தி என்னும் சொற்களே பெயரிடல் பற்றித் தமிழரிடையே நிலவிய வழக்கினை உணர்த்தப் போதியன. பாட்டனின் பெயரைத் தாங்குபவன் பெயரன். பாட்டியின் பெயரைத் தாங்குபவள் பெயர்த்தி. பிறக்கும் குழந்தை புதியதொரு பெயருக்கு உரியதாகக் கருதப்படவில்லை. முன்னோர் விட்டுச்சென்ற பெயருக்கு உரியதாகவே கருதப்பட்டது. இத்தகைய சமூகமொன்றில், குடும்பத்தில் எவரும் முன்னர் பெற்றிராத பெயரொன்றைப் பெண்மகவுக்குச் சூட்ட விழைவது சிறு செயலன்று. நுவரெலியா, ஹற்றன் பகுதித் தேயிலைத் தோட்டங்களில் அவ்விழைவு எவ்வாறு தோன்றியது, எவற்றை எதிர்கொண்டது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மலையகத் தமிழரின் வரலாறு பெரும்பாலும் ஏற்றுமதிக் கணக்குகள், ஒப்பந்தங்கள், சட்டங்கள் ஆகியவற்றைக் கொண்டே எழுதப்பட்டு வந்துள்ளது. இவை இன்றியமையாதவை எனினும், மக்களின் உள்ளத்தை இவற்றால் முழுமையாக அறிய முடியாது. கடிதமோ நாட்குறிப்போ எழுதிவைக்க வாய்ப்பற்றிருந்த மக்கள், தம் பிள்ளைகளுக்கு இட்ட பெயர்களிலே தம் அச்சங்களையும் ஆசைகளையும் பதிந்து வைத்துள்ளனர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கோப்பித் தோட்டங்களுக்குத் திருச்சி, மதுரை, சேலம், இராமநாதபுரம், தஞ்சாவூர், புதுக்கோட்டை முதலிய பகுதிகளிலிருந்து வந்தோருட் பெரும்பாலோர் ஆடவராவர். அறுவடைக் காலத்தில் வந்து, அது முடிந்ததும் அவர்களிற் பலர் ஊர் திரும்பினர். 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கர் நிலத்திலே தேயிலை பயிரிட்டார். 1869ஆம் ஆண்டு முதலாகப் பரவிய இலைநோய் கோப்பிச் செய்கையை அழிக்கவே, தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டியிருந்தமையாற் பெண்களின் உழைப்பு நிலையான தேவையாயிற்று. குடும்பங்கள் லயக் காம்பராக்களிற் குடியமர்ந்தன. பெண்மகவுக்குப் பெயரிடும் நிகழ்ச்சி மலைநாட்டு மண்ணிலேயே தொடர்ந்து நிகழத் தொடங்கியது இதன் பின்னரே எனலாம்.

முதற் றலைமுறைகளின் பெயர்களில் விட்டுவந்த ஊரின் தெய்வங்கள் குடிகொண்டிருந்தன. மாரியாயி, காளியம்மா, மீனாட்சி, கருப்பாயி, பேச்சியம்மா, அங்கம்மா என்பன அத்தகையன. கடலைக் கடந்து வந்தவர்கள் கோயிலை உடன் கொண்டுவர இயலாது. தெய்வத்தின் பெயரையும் பாட்டியின் பெயரையும் கொண்டுவர இயலும். ஆயினும் பாட்டியின் பெயரை இடுவதில் ஓர் இடர்ப்பாடு இருந்தது. மாமியாரின் பெயரை மருமகள் வாயாற் சொல்லலாகாது என்பது வழக்கு. தன் குழந்தையைப் பெயர் சொல்லி அழைக்க இயலாத தாய், அதற்கு வேறொரு பெயரை வைத்துக்கொண்டாள். வைத்த பெயர் ஒன்றாகவும் கூப்பிடும் பெயர் வேறொன்றாகவும் அமைந்த இவ்விரட்டை வழக்கு, பிற்காலத்தில் எத்தகைய துன்பத்திற்கு வழிகோலும் என்பதை அன்று எவரும் எண்ணியிருக்க முடியாது.

அரிய பெயர் என்பது இக்காலத்துப் புதுமையன்று என்பதும் ஈண்டு நோக்கத்தக்கது. குப்பாயி, குப்பம்மா, பிச்சையம்மா எனும் பெயர்கள் சிந்தித்தே இடப்பட்டவை. முன்பிறந்த பிள்ளைகள் அடுத்தடுத்து இறந்துபட்ட வீட்டில், பிறந்த மகவைக் குப்பையிற் கிடத்தி எடுப்பதும், பிறர் கையிற் கொடுத்துத் தவிட்டுக்கு மீள வாங்குவதும் தமிழகக் கிராமங்களில் நிலவிய சடங்குகள். எவரும் விரும்பாப் பெயரைத் தாங்கிய பிள்ளையைக் கூற்றுவனும் விரும்பான் என்பதே அதன் உட்கருத்து. குளிரும் நெருக்கமும் நோயும் மலிந்த லயங்களிற் சிசு மரணம் மிகுதியாக இருந்த காலத்தில், இப்பெயர்கள் தாய்மாரின் துயரத்திற்குச் சான்றாகின்றன. தொடர்ந்து பெண்ணே பிறந்த வீட்டில் இடப்பட்ட ‘போதும்பொண்ணு’ என்னும் பெயரோ வேறு வகையானது. குப்பாயி என்ற பெயர் குழந்தையைக் காக்க எழுந்தது. போதும்பொண்ணு என்ற பெயர் குழந்தையின் வரவையே குறைகூற எழுந்தது. இரண்டையும் ஒன்றென மயங்குதல் தகாது.

தோட்ட நிருவாகத்திற்குப் பெயரினும் எண்ணே பயனுடையதாயிற்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் புகுத்தப்பட்ட தகரத்துண்டு முறையின்கீழ், இந்தியாவிலிருந்து வந்த தொழிலாளி தோட்டத்தைக் குறிக்கும் எழுத்தும் தன்னைக் குறிக்கும் எண்ணும் பொறித்த துண்டொன்றை அணிந்து வந்தார். தோட்டத்தை அடைந்ததும் செக்ரோலிற் பெயர் ஏறியது. அதனை எழுதியவர் கணக்கப்பிள்ளையோ கிளாக்கரோ ஆவார், பெயருக்குரியவள் அல்லள். விடியலிற் பிரட்டுக்களத்தில் அழைக்கப்பட்ட பெயரும் அவர்கள் எழுதிய பெயரே. ஆங்கில எழுத்துக்குச் சென்று தமிழுக்கு மீண்ட லெட்சுமி ஓரிடத்தில் லெச்சுமியாகவும் பிறிதோரிடத்தில் லட்சுமியாகவும் நின்றாள். அவள் பெயரில் விழுந்த கூலியைக் கணவனோ தந்தையோ பெற்றுச் செல்வது பரவலான வழக்கமாக இருந்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் சம நாட்சம்பளம் 1984ஆம் ஆண்டிலேயே கிட்டியது.

பெயரில் ஆசை தலைதூக்கத் தொடங்கியதற்குக் காரணங்கள் பல. கூத்துக்கலை அவற்றுள் ஒன்று. தோட்டங்கள்தோறும் ஆடப்பட்ட காமன் கூத்து ரதியின் பெயரை லயங்களுக்குக் கொண்டுவந்தது. 1927ஆம் ஆண்டிற் காந்தியடிகள் மலைநாட்டுக்கு வந்தமையும், 1939ஆம் ஆண்டில் நேருவின் வருகையையொட்டி இலங்கை இந்தியன் காங்கிரஸ் தோன்றியமையும் புதிய உணர்வை ஊட்டின. கமலா, சரோஜினி, இந்திரா எனும் பெயர்கள் குலதெய்வத்தையோ பாட்டியையோ குறியாது, பொதுவாழ்வில் விளங்கிய பெண்களைக் குறித்தன. 1916ஆம் ஆண்டளவில் மறைமலையடிகள் தொடக்கிய தனித்தமிழியக்கமும், அதன்பின் எழுந்த திராவிட இயக்கமும் மற்றொரு வாயிலைத் திறந்தன. 1962ஆம் ஆண்டிற் றடைசெய்யப்படும் வரை இலங்கைத் திராவிட முன்னேற்றக் கழகம் மலையக இளைஞரிடையே செல்வாக்குப் பெற்றிருந்தது. தமிழ்ச்செல்வி, மலர்விழி, பூங்கோதை முதலிய பெயர்கள் சாதியையோ பிறந்த லயத்தையோ காட்டிக்கொடாதவை. ‘தோட்டக்காட்டான்’ என்ற இழிசொல்லைக் கேட்டு வளர்ந்த இளந்தந்தைக்கு, மகளின் பெயர் ஒரு கவசமாகத் தோன்றியதில் வியப்பில்லை.

எனினும், புதிய பெயரை அஞ்சிய முதியோரைப் பழமைவாதிகள் என ஒதுக்குவது வரலாற்றறிவு ஆகாது. அவர்தம் அச்சத்திற்குத் தக்க காரணம் இருந்தது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் மலையக மக்களுட் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் பிரசாவுரிமைச் சட்டத்தின்கீழ் ஏறத்தாழ 825,000 பேருக்காக விண்ணப்பங்கள் அளிக்கப்பட்டும், ஏறத்தாழ 134,000 பேரே அவ்வுரிமையைப் பெற்றனர். தொடர்ந்து வதிந்தமையை ஆவணங்கொண்டு மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. வைத்த பெயர் ராமாயி, கூப்பிடும் பெயர் பாக்கியம், செக்ரோலில் ராமம்மா எனின், மூவரும் ஒருத்தியே என்பதை எவ்வாறு மெய்ப்பிப்பது? 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பகுத்தது. எஞ்சிய 150,000 பேர் 1974ஆம் ஆண்டிற் சரிபாதியாகப் பகுக்கப்பட்டனர். எழுத்துப் பிழை குடும்பத்தின் கதியோடு தொடர்புற்ற காலம் அது. எழுதுபவருக்குப் பழகாத பெயரை இடுவது, பிழைக்கு இடமளிப்பதாக முதியோருக்குத் தோன்றியது. 2003ஆம் ஆண்டின் சட்டம் நாடற்ற நிலைக்குத் தீர்வு கண்டபோதிலும், ஆவணங்களிடையே முரண்பட்ட பெயர்கள் பலரை இன்றும் அலைக்கழிக்கின்றன.

இன்று தோட்டங்களிற் பிறக்கும் பெண்மகவுக்கு நட்சத்திர எழுத்து, எண்சோதிடம், திரைப்படம், தொலைக்காட்சி ஆகியவற்றின் துணைகொண்டு பெயர் தேடப்படுகின்றது. ஷ, ஜ, ஹ முதலிய எழுத்துக்கள் மிகுந்த, பொருள் விளங்காப் பெயர்கள் பெருகிவிட்டன எனத் தமிழார்வலர் வருந்துவர். அவ்வருத்தம் நியாயமானதே. தமிழிற் பெயருக்குப் பஞ்சமில்லை. ஆயினும், தலைமுறை தலைமுறையாகப் பிறர் எழுதிய பெயரையே சுமந்த சமூகமொன்று தன் விருப்பப்படி பெயர் தேர்ந்துகொள்வதை வெறும் பகட்டு என்று தள்ளிவிட முடியாது. அகராதியிற் பொருளில்லாத பெயருக்கும் அத்தேர்வே ஒரு பொருளாகின்றது.

அத்தேர்வு முழுமை பெறப் பெயரைப் பெற்றோரே எழுதிக் கொடுத்தல் வேண்டும். பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் அது பிழையின்றிப் பதியப்பட்டுள்ளதா என்று பார்த்து வாங்கும் ஆற்றலும் வேண்டும். கல்வி மலையகத் தாய்மாருக்கு அளிக்கவேண்டிய உரிமைகளுள் இதுவும் ஒன்றாகும். மறுபுறத்தில், பழைய பெயர்களைக் கேட்டு நகைக்கும் போக்கும் ஒழிதல் வேண்டும். சிதைந்துவரும் பழைய செக்ரோல்கள், பாடசாலை வரவேடுகள் ஆகியவற்றிலும் முதியோர் நினைவிலும் எஞ்சியுள்ள பெண்களின் பெயர்களைத் திரட்டுவது, பல்கலைக்கழகத்தில் வரலாறு பயிலும் மலையக மாணவர் மேற்கொள்ளத்தக்க பணியாகும். குப்பாயி என்று பெயரிட்ட தாய், தன் மகள் உயிரோடிருந்தாற் போதும் என வேண்டினாள். அவளின் கொள்ளுப்பேத்திக்கு ஊரில் எவருக்கும் இல்லாத பெயரைத் தேடும் தாய், தன் மகள் எண்ணாலன்றிப் பெயரால் அறியப்பட வேண்டும் என விரும்புகின்றாள். முதலாமவளின் வேண்டுதல் நிறைவேறியமையாலேயே இரண்டாமவளின் விருப்பம் பிறந்தது என்பதை மறத்தலாகாது.